சமணர் மலை முகட்டில் மார்கழிப் பனி: ஒரு சறுக்கலின் நிகழ்வு ஆய்வு

போன மார்கழி இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை காலை 6.25 மணிக்கு, கீழக்குயில்குடி சமணர் மலையின் முகட்டுப் பாறையில் என் அத்தை மகன் வழுக்கி விழுந்தான். பன்னிரண்டு அடி சறுக்கிப் போய் ஒரு புதரில் மாட்டி நின்றான். இடது கணுக்காலில் வெளிப்பக்கத்து எலும்பு முறிந்துவிட்டது. வயது 29. நல்ல உடம்பு. இரண்டு வருடத்துக்கு முன்னால் உத்தரகாண்டில் உறைபனி மூடிய கேதார்கந்தா சிகரத்தில் ஏறி இறங்கியவன். அன்று மழை இல்லை, காற்றும் இல்லை. பாறை காய்ந்துதான் கிடக்கிறது என்று ஏழு பேரும் நம்பினோம்.

அந்த ஏழு பேரையும் கூட்டிப் போனவன் நான். பதினாறு வருடமாக இந்த மலையில் ஏறுகிறேன். பார்த்துக் கால் வைக்கவில்லை, அதனால் விழுந்தான் என்று வீட்டில் சொன்னார்கள். அதோடு விட்டிருக்கலாம், மனது ஒப்பவில்லை. பங்குனிக்குள் எட்டுத் தடவை அதே இடத்துக்குப் போனேன். வேறு வேறு நேரத்தில் தொட்டுப் பார்த்தேன், தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன், அந்த மலையிலேயே ஆடு மேய்த்துக் கிழவரான ஒருவரிடம் கேட்டேன். கேட்டதையும் பார்த்ததையும் இங்கே எழுதுகிறேன்.

நான் தெரிந்துகொண்டதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நம் மொட்டைப் பாறை மலைகளில் யாரும் ஏறுவதில்லை. ஏறினாலும் பயந்து பயந்து ஏறுவார்கள். மழை விட்டு, வானம் வெளுத்து, ஊரே குளுகுளுவென்று இருக்கும் மார்கழியிலும் தையிலும்தான் கூட்டம் கூட்டமாகப் போகிறோம். அதுவும் சூரிய உதயம் பார்க்க வேண்டும் என்று இருட்டோடு கிளம்புகிறோம். அந்த மாதங்களின் அந்த நேரத்தில்தான் பாறை ஆளை ஏமாற்றுகிறது.

மலை

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். மதுரையிலிருந்து தேனி ரோட்டில் போய் நாகமலைப் புதுக்கோட்டைப் பக்கம் தெற்கே திரும்பினால் கீழக்குயில்குடி. அடிவாரத்தில் அய்யனார் கோவில், பெரிய ஆலமரம், தாமரைக்குளம். கோவிலுக்குப் பின்னாலிருந்து படி ஏறினால் பேச்சிப்பள்ளம். அங்கே ஒரு சுனை இருக்கிறது. பாறையில் வரிசையாகத் தீர்த்தங்கரர் சிற்பங்கள், அடியில் வட்டெழுத்து. ஆயிரம் வருடத்துக்கு மேல் பழசு. அதற்கும் மேலே மாதேவிப் பெரும்பள்ளி என்ற பழைய சமணப் பள்ளியின் அடித்தளம் மட்டும் மிச்சமிருக்கிறது. உச்சியில் ஒரு விளக்குத்தூண், பக்கத்தில் கன்னட எழுத்துக் கல்வெட்டு. பெரும்பாலோர் அந்தத் தூணோடு திரும்பிவிடுவார்கள்.

மலை அதோடு முடியவில்லை. முத்துப்பட்டி வரை மூன்று கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கிறது. தூணைத் தாண்டினால் படி கிடையாது, கைப்பிடி கிடையாது. மொட்டைப் பாறை ஒரு திமில், பிறகு ஒரு பள்ளம், மறுபடியும் ஒரு திமில் என்று போகும். நடுநடுவே மண் தங்கிய குழிகளில் புல். சில இடத்தில் கையை ஊன்றித்தான் ஏற வேண்டும். உயரம் பெரிய உயரம் ஒன்றும் இல்லை. ஆனால் இரண்டு பக்கமும் சரிவு, வழுக்கினால் பிடிக்க எதுவும் இருக்காது.

மலை கிழக்கு மேற்காகக் கிடப்பதால் தென்சரிவு, வடசரிவு என்று இரண்டு முகம். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து போகும். தென்சரிவில் வெயில் சீக்கிரம் விழுகிறது. வடக்கே சாய்ந்த பாறையில் ஏழெட்டு மணி வரைக்கும் நிழல்தான், வந்தாலும் சாய்வாக ஒட்டிக்கொண்டு போகும் வெயில். இதை நான் வருடக்கணக்காகப் பார்த்திருக்கிறேன், படம்கூட எடுத்திருக்கிறேன். அது பாறையின் ஈரத்தை என்ன செய்யும் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

அன்று நடந்தது

வியாழன் இரவு ஒரு மணி நேரம் நல்ல மழை. வெள்ளியும் சனியும் வெயில். சனி இரவு வானம் துடைத்து வைத்தது போல இருந்தது, காற்று அசையவில்லை. ஞாயிறு காலை ஐந்தரைக்கு ஆலமரத்தடிக்கு வந்துவிட்டோம். பத்து மணிக்குக் குலதெய்வம் கோவிலுக்குப் போக வேன் சொல்லியிருந்தார்கள். எட்டு மணிக்குள் கீழே இறங்கிவிட வேண்டும் என்பது எல்லோர் மனதிலும் இருந்தது.

ஆலமரத்தடியில் மப்ளர் சுற்றிக்கொண்டு அந்த ஆடு மேய்க்கும் பெரியவர் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் கேட்டார்:

“ஏய்யா, வெள்ளனமே எங்கிட்டுப் போறீக? பனி எறங்கிக் கெடக்கு. பொழுது ஏறினதுக்கப்புறம் போங்கய்யா.”

“பழகின மலைதானேய்யா, பார்த்துப் போயிக்கிறோம்” என்று சொன்னேன். அவர் மறுபடி எதுவும் சொல்லவில்லை.

பேச்சிப்பள்ளம் வரை படி, கைப்பிடி, ஒரு சிக்கலும் இல்லை. ஆறு மணி ஐந்து நிமிடத்துக்கு விளக்குத்தூண். கிழக்கே வானம் சிவந்துகொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச தூரம் போனால் மறைப்பு இல்லாமல் தெரியும் என்று முகட்டில் நடந்தோம். இரண்டாவது திமிலிலிருந்து பள்ளத்துக்கு இறங்கும் இடம் வடகிழக்காகச் சாய்ந்த வழுவழுப்பான பாறை. வீட்டு மாடிப்படியை விடக் கொஞ்சம் குறைவான சாய்வுதான் இருக்கும். பதினாறு வருடத்தில் நூறு தடவையாவது அதில் இறங்கியிருப்பேன்.

நான் முன்னால் இறங்கிவிட்டேன். வழக்கப்படி வலது ஓரமாக, பாறை வெளுத்துக் கிடக்கும் பக்கமாகத்தான் இறங்கினேன். ஏன் அந்தப் பக்கம் என்று யாருக்கும் சொல்லவில்லை. எனக்கே தெரியாது, கால் பழகியிருந்தது. மாப்பிள்ளை மூன்றாவதாக வந்தான். நெற்றியில் கட்டிய டார்ச் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. வளைந்து வராமல் நேராக, பாறையின் நடுவில் மேலிருந்து கீழாக ஓடும் கறுப்புத் தடத்தில், குதிகாலை அழுத்தி ஊன்றி இறங்கினான். மூன்றாவது அடியில் கால் பறந்தது. கத்தக்கூட இல்லை. பாறையில் துணி உரசும் சத்தம்தான் கேட்டது.

கீழே கொண்டுவந்தது தனிக்கதை. விரல்களை அசைக்கச் சொன்னோம், அசைந்தது. பாதம் சூடாக இருந்தது. ஷூவைக் கழற்றாமல் நாடாவை மட்டும் தளர்த்தி, ஒருவர் கொண்டு வந்திருந்த மூங்கில் கம்பை இரண்டாக ஒடித்து இரண்டு பக்கமும் வைத்துத் துண்டால் கட்டினோம். 108-க்கு போன் போட்டோம். சிக்னல் இருந்தது நல்லதாகப் போயிற்று. வந்த வழியிலேயே திமிலைத் திருப்பி ஏற்ற முடியாது என்று தவித்துக்கொண்டிருந்தபோது, சத்தம் கேட்டு அந்தப் பெரியவரும் அவர் பேரனும் மேலே வந்துவிட்டார்கள். டயர் செருப்பைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு வந்தார். தெற்குப் பக்கமாக ஒரு வெடிப்பு போகிறது, ஆடு போகிற தடம். அதன் வழியே உட்கார்ந்து உட்கார்ந்து நகர்த்தினோம். படி வந்ததும் இரண்டு பேர் கையைக் கோத்து நாற்காலி மாதிரித் தூக்கினோம். நாற்பது நிமிட வழிக்கு இரண்டு மணி பத்து நிமிடம் ஆனது. ஆம்புலன்ஸ் கோவில் வாசலில் காத்துக்கொண்டிருந்தது. தகடு வைத்து ஸ்க்ரூ போட்டார்கள். கம்பு இல்லாமல் நடக்க மூன்று மாதம்.

பனி என்ற ஒரே சொல்

மருத்துவமனையில் அவன் சொன்ன முதல் வார்த்தை, “மச்சான், அங்க அவ்வளவு பனியில விழல, இங்க விழுந்துட்டேன்.” இதைப் பல நாள் யோசித்தேன். தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல். இமயமலையில் முழங்கால் அளவு கொட்டிக் கிடப்பதும் பனிதான், நம் ஊரில் மார்கழியில் புல்லின் நுனியில் நிற்பதும் பனிதான். அவன் அங்கே கற்றதை இங்கே கொண்டு வந்தான். கற்றது தப்பில்லை. அது அந்த மலைக்கு உரியது.

கேதார்கந்தா சுமார் 3,800 மீட்டர் உயரம். சாங்க்ரி என்ற கிராமத்திலிருந்து ஏறுவார்கள். குளிர்காலத்தில் கடைசி நாள் ஏற்றத்துக்கு நடுச்சாமம் கழிந்து இரண்டு மூன்று மணிக்கே கிளப்பிவிடுவார்கள். காரணம் உண்டு. இரவின் குளிரில் அங்கே பனி கல் மாதிரி இறுகிக் கிடக்கும். ஷூவுக்கு அடியில் இரும்பு முள் வைத்த பட்டையை மாட்டினால் நறுக் நறுக்கென்று பிடித்துக்கொள்ளும். வெயில் ஏற ஏறப் பனி இளகும், கால் புதையும், சரிவுகளில் தளர்ந்து சரியவும் செய்யும். அதனால் இறுகியிருக்கும்போதே ஏறி, மதியத்துக்கு முன்னால் இறங்கிவிட வேண்டும். இளகிய பனியில் இறங்கும்போது உடம்பை நிமிர்த்தி, குதிகாலைக் குத்தி, நேராகக் கீழ்நோக்கி இறங்கச் சொல்லிக் கொடுப்பார்கள். குதிகால் பனியில் ஒரு படியையே வெட்டிக்கொள்ளும். தடுமாறாமல் இறங்க அதுதான் வழி.

அங்கே இன்னொரு பாடமும் உண்டு. முகட்டில் காற்று ஒரு பக்கமாக அடித்து அடித்துப் பனியை விளிம்புக்கு வெளியே தாழ்வாரம் போல நீட்டி வைத்திருக்கும். மேலே நிற்பவருக்குத் தரை மாதிரித் தெரியும். அடியில் ஒன்றும் இருக்காது. அதனால் ஓரத்தை விட்டு நடுவில் நட என்பார்கள்.

இப்போது சமணர் மலையில் அவன் செய்ததைப் பாருங்கள். விடியுமுன் ஏறினான். ஓரத்தை விட்டுப் பாறையின் நடுவில் வந்தான். நேராக இறங்கினான். குதிகாலை ஊன்றினான். போட்டிருந்தது குளிர்மலைக்கு வாங்கிய, அடிப்பாகம் வளையாத ஷூ. பனிமலையில் அவனைக் காப்பாற்றிய நாலு பழக்கமும் ஒரு காலணியும் ஒன்றாகச் சேர்ந்து இங்கே அவனை விழ வைத்தன. வழுவழுப்பான பாறையில் பாதம் முழுவதும் படிய வேண்டும். எவ்வளவு இடம் படிகிறதோ அவ்வளவு பிடிப்பு. குதிகால் மட்டும் ஊன்றினால் எட்டணா அளவு ரப்பர்தான் பாறையைத் தொடுகிறது.

கறுப்புத் தடம்

பத்து நாள் கழித்து ஒரு காலை பெரியவரோடு அந்த இடத்துக்குப் போனேன். இந்தத் தடவை அவர் சொன்ன நேரத்துக்கு, எட்டரை மணிக்கு.

அந்தக் கறுப்புத் தடம் ஒரு முழம் அகலம் இருக்கும். மேலே புல் முளைத்த மண்குழியிலிருந்து கிளம்பி, பாறையின் நடுவில் நேராக ஓடிக் கீழே பள்ளத்தில் முடிகிறது. மதுரையைச் சுற்றி எந்தப் பாறை மலையைப் பார்த்தாலும், யானைமலையில் தூரத்திலிருந்தே தெரியும், உச்சியிலிருந்து கறுப்புக் கோடுகள் இறங்கும். மை கொட்டி வழிந்தது போல இருக்கும். கல்லின் நிறம் என்றே நினைத்திருந்தேன். அது உயிருள்ள பொருள். மழைநீர் வழியும் தடத்தில் படிந்து வாழும் நீலப்பச்சைப் பாசி. வெயிலில் காய்ந்து கறுத்துப் பொருக்காக ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் கிடக்கும். ஈரம் பட்டதும் எழுந்துகொள்ளும். அதன் உடம்பைச் சுற்றி ஒரு பசை உறை இருக்கிறது. காய்ந்து கிடக்கும் காலத்தைத் தாங்குவதற்காக அது தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும்.

காய்ந்த பொருக்கை விரலால் தேய்த்துப் பார்த்தேன். உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று இருந்தது. வெறும் பாறையை விட அதில்தான் பிடிப்பு அதிகம் என்று சத்தியம் செய்யலாம். பாட்டிலிலிருந்து ஒரு கை தண்ணீரை அதில் விட்டேன். முதலில் ஒன்றும் இல்லை, தண்ணீர் மேலே ஓடியது. இரண்டு நிமிடம் ஆனது. கறுப்புக்குள் ஒரு பச்சை மினுங்கியது. மழை பெய்ததும் வரும் மண்வாசனை வந்தது. விரலை வைத்தால் வெட்டிய வெண்டைக்காய். அதே தண்ணீரை ஒரு முழம் தள்ளி வெளுத்த பாறையில் விட்டேன். பாறை நனைந்தது, அவ்வளவுதான். வெறுங்காலை வைத்து ஏறி நின்றேன், நகரவில்லை.

“கறுப்பு தண்ணி போற வழி. வெளுப்பு ஆளு போற வழி” என்றார் பெரியவர். அவர் தாத்தா சொல்லிக் கொடுத்ததாம். ஆளும் ஆடும் நடந்து நடந்து பாசி ஒட்டாமல் தேய்ந்ததால்தான் அது வெளுத்திருக்கிறது. என் கால் பதினாறு வருடமாக அந்த வெளுப்பைத் தேடிப் போயிருக்கிறது; வாய்க்கு அது தெரியவில்லை. பின்னால் வந்தவனுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்று நான் நினைக்காத நாள் இல்லை.

சரி, அன்று தண்ணீர் எங்கிருந்து வந்தது? இரண்டு வழி. ஒன்று, வியாழன் மழை. மேலே மண்குழி பஞ்சு மாதிரி அதைக் குடித்து வைத்துக்கொண்டு இரண்டு மூன்று நாளைக்குக் கசியவிடும். பகலில் கசிவது வெயிலில் காய்ந்துவிடும், இரவில் காயாது. இரண்டாவது, பனி. மேகம் இல்லாத, காற்று இல்லாத இரவில் தரையின் சூடு வானத்துக்குப் போய்விடுகிறது. மெல்லிய பொருள்கள் சீக்கிரம் குளிர்கின்றன: புல், சருகு, பாறையிலிருந்து தகடாக உரிந்து நிற்கும் பொறை, இந்தப் பாசிப் பொருக்கு. காற்றின் ஈரம் அவற்றின் மேல்தான் முதலில் இறங்குகிறது. பெரும்பாறை பகல் சூட்டைக் கொஞ்சம் வைத்திருப்பதால் அவ்வளவாக நனைவதில்லை. அதனால்தான் நான் நடந்த வெளுப்பு காய்ந்திருந்தது. என் கால் சொன்னதை நம்பி மொத்தப் பாறையும் காய்ந்திருக்கிறது என்று முடிவு கட்டினேன். ஒரு முழம் தள்ளி வேறு தரை.

டார்ச்சைப் பற்றியும் சொல்ல வேண்டும். நெற்றியில் கட்டிய விளக்கின் வெளிச்சம் கண் பார்க்கும் அதே கோட்டில் போகிறது. நிழலே விழாது. மேடு பள்ளம் எல்லாம் ஒரே தட்டையாகத் தெரியும். ஈரத்தின் மினுக்கமும் வெள்ளை வெளிச்சத்தில் கரைந்துபோகும். விளக்கைக் கையில் எடுத்து இடுப்பளவில் பிடித்தால் பாறையின் சொரசொரப்பு நிழல் நிழலாக எழுந்து நிற்கிறது. இதை ஒரு இருட்டுக் காலையில், படியும் கைப்பிடியும் உள்ள பேச்சிப்பள்ளத்தருகே, இரண்டு விதமாகவும் பிடித்துப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். வித்தியாசம் சின்னதில்லை.

தை மாதத்தில் நாலு காலைகள் வெள்ளைக் கைக்குட்டையை அந்தத் தடத்தில் அழுத்தி எடுத்துப் பார்த்தேன். ஆறரைக்குக் கறையோடு நனைந்து வந்தது. ஏழே கால் வரை மாற்றமில்லை. தென்சரிவில் இருக்கும் ஒரு தடம் எட்டு மணி பத்து நிமிடத்துக்குக் காய்ந்துவிட்டது. மாப்பிள்ளை விழுந்த வடகிழக்குப் பாறை, மழையே பெய்யாத வாரத்தில்கூட, ஒன்பது மணி நாற்பது நிமிடம் வரை துணியில் ஈரம் ஒட்டிற்று. ஒரே மலை, நூறு அடி தள்ளி, ஒன்றரை மணி நேர வித்தியாசம்.

அந்தக் காலைகளில் ஒன்றில்தான் ஆடுகளைக் கவனித்தேன். மந்தை முகட்டைக் கடந்தபோது, கறுப்புத் தடம் வந்ததும் முன்னால் போன கிடா நின்றது. மோந்து பார்த்தது. பிறகு தாண்டிக் குதித்தது. பின்னால் வந்தவை எல்லாம் அதே இடத்தில் குதித்தன. குட்டி ஒன்றைத் தவிர ஒன்றும் அதில் கால் வைக்கவில்லை.

மற்ற மாதங்கள்

இந்த முகட்டுக்கு வருடம் முழுவதும் ஒரே நேரம் ஒத்துவராது. பெரியவரோடு பேசியதையும் என் பழக்கத்தையும் சேர்த்து எழுதுகிறேன்.

மதுரைப் பக்கம் வருடத்துக்குச் சுமார் 85 சென்டிமீட்டர் மழை. அதில் பாதிக்கு அருகில் ஐப்பசியிலிருந்து மார்கழிக்குள் பெய்துவிடும். அந்த நாட்களில் சுனை நிரம்பி வழியும், கறுப்புத் தடங்கள் எல்லாம் ஓடையாகும். முகட்டுக்குப் போகாமல் பேச்சிப்பள்ளத்தோடு நின்றுகொள்வதுதான் சரி. ஆபத்து கண்ணுக்குத் தெரிவதால் அங்கே யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை.

மாசி பாதிக்கு மேல் பனி குறையும். அப்புறம் வேறு தொல்லை. மழை அரித்துக் கொண்டு வந்த பொடிச்சரளை பாறையின் சாய்வில் தங்கிக் காய்ந்து கிடக்கும். கேழ்வரகைக் கொட்டி வைத்த தரையில் நடப்பது போல உருளும். இதற்கு ஈரம் தேவையில்லை. செருப்பின் நுனியால் தள்ளிவிட்டு, பாறை தெரிந்த பிறகு கால் வைக்க வேண்டும். உரிந்து நிற்கும் பொறைகளையும் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் பிடிக்க வேண்டும். கிண்ணென்றால் நிற்கும், டொக்கென்றால் பிடிக்காதீர்கள்.

பங்குனி, சித்திரையில் கணக்கு தலைகீழ். பகல் பத்து மணிக்கே பாறை கொதிக்க ஆரம்பித்துவிடும். மதியம் வெறுங்கால் வைக்க முடியாது. அப்போதுதான் விடியுமுன் ஏற வேண்டும், எட்டு மணிக்குள் ஆலமரத்தடிக்கு வந்துவிட வேண்டும். புல்லெல்லாம் காய்ந்து வைக்கோலாகிவிடும். ஒரு பீடித்துண்டு போதும். மதுரைக்காரர்களுக்கு இதைச் சொல்லும்போது குரங்கணி நினைவுக்கு வராமல் போகாது. 2018 மார்ச் 11-ஆம் தேதி, போடிக்கு மேலே உள்ள மலையில், காய்ந்த புல்லில் பரவிய தீயில் மலையேறப் போனவர்கள் சிக்கி இருபது பேருக்கு மேல் இறந்தார்கள். அதுவும் பருவத்தின் சங்கதிதான். அதே பாதை வேறு மாதத்தில் பச்சையாக இருக்கும்.

கோடை மழையை லேசாக நினைக்கக் கூடாது. சாயங்காலம் திடீரென்று இடியோடு வரும். மொட்டை முகட்டில் நாம்தான் உயரமான பொருள். மேற்கே கருத்தால் இறங்கிவிட வேண்டும். நம் மாவட்டத்து எல்லையில் சாப்டூர் காட்டில் இருக்கும் சதுரகிரியில் 2015 மே மாதம் ஓடையில் வந்த திடீர் வெள்ளம் பக்தர்களை அடித்துக்கொண்டு போனது. சதுரகிரிப் பாதையில் ஒரு இடத்துக்கு வழுக்குப்பாறை என்றே பெயர். பழைய ஆட்கள் பெயராகவே எச்சரிக்கையை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நாம் அதைப் போர்டில் படித்துவிட்டு, பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறோம்.

ஆடியில் காற்று. முகட்டில் நிமிர்ந்து நிற்க விடாது. பாறை மட்டும் நன்றாகக் காய்ந்திருக்கும். எனக்குப் பிடித்த மாதம் அது.

மாற்றிக்கொண்டவை

கார்த்திகை முதல் தை முடியும் வரை எட்டு மணிக்கு முன்னால் நாங்கள் தூணைத் தாண்டுவதில்லை. வடக்கே சாயும் அந்தப் பாறைக்குப் பத்து மணி. சூரிய உதயம் பார்க்க வேண்டும் என்கிறவர்கள் பேச்சிப்பள்ளத்திலிருந்து பார்க்கலாம். சிற்பங்களின் மேல் முதல் வெளிச்சம் விழுவதைப் பார்க்க அதைவிட நல்ல இடம் கிடையாது. மழை பெய்து மூன்று இரவு ஆகாமல் முகடு வேண்டாம். வேறு வேலைக்கு நேரம் குறித்துவிட்டு மலைக்கு வருவதையும் நிறுத்திவிட்டோம். அன்று அந்த வேன் காத்திருக்காவிட்டால் பெரியவர் சொன்னதைக் கேட்டிருப்பேனா? கேட்டிருக்க மாட்டேன் என்றுதான் தோன்றுகிறது, இருந்தாலும் ஒரு காரணமாவது குறைந்திருக்கும்.

முன்னால் போகிறவர் இப்போது வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போகிறார்: இங்கே கறுப்பு, வலது பக்கம் வெளுப்பு, இந்தப் பொறை ஆடுது. முதல் வாரம் பிள்ளைகளுக்கு அலுப்பாக இருந்தது. இப்போது அவர்களே எனக்கு முன்னால் கண்டுபிடித்துச் சொல்கிறார்கள். பெரியவரிடம் ஒவ்வொரு தடவையும் கேட்டுவிட்டுத்தான் ஏறுகிறோம். அவர் தலையை ஆட்டினால் ஏறுவோம். ஒரு ஞாயிறு, “இன்னைக்கு வேணாம்யா” என்றார். ஆலமரத்தடியிலேயே உட்கார்ந்து கொண்டுவந்த இட்லியைத் தின்றுவிட்டு வீட்டுக்கு வந்தோம்.

பங்குனிக் கடைசியில் மாப்பிள்ளை ஊருக்கு வந்தான். கம்பு ஊன்றாமல் நடந்தான், கொஞ்சம் சாய்வு இருந்தது. “அந்த இடத்தைப் பார்க்கணும் மச்சான்” என்றான். விடியுமுன் கிளம்பினோம், அந்த மாதத்துக்கு அதுதான் நேரம். அடிப்பாகம் வளைகிற சாதாரண கேன்வாஸ் ஷூ போட்டிருந்தான். முதல் நாள் வெயிலின் சூடு பாறையில் இன்னும் மிச்சமிருந்தது. உள்ளங்கையை வைத்தால் தெரிந்தது. திமிலின் மேல் உட்கார்ந்து அவன் அந்தத் தடத்தை ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு பாட்டிலைத் திறந்து தானே தண்ணீர் ஊற்றி, இரண்டு நிமிடம் காத்திருந்து, கட்டை விரலால் தடவினான். விரலை முகர்ந்து பார்த்தான். ஒன்றும் பேசவில்லை.

நாங்கள் எழுந்திருக்கும் நேரத்துக்கு மந்தை வந்தது. முன்னால் அதே கிடா. அவன் ஊற்றிய ஈரத்தைச் சுற்றிக்கொண்டு, நாலு அடி மேலே, காய்ந்த கறுப்பில் கால் வைத்து நிதானமாக நடந்து போனது. மற்றவையும் பின்னால் போயின. ஏழு மணி ஆகியிருந்தது. பாறை சுட ஆரம்பிப்பதற்குள் இறங்கிவிட்டோம், வலது ஓரமாக.